தூக்கி எறிவதும் இறங்கி நிற்பதும்: ஜோடி ஸ்கேட்டிங் ஓர் எளிய அறிமுகம்

“எதுக்கு அந்தப் பொண்ணை இப்படித் தூக்கிப் போடுறான்?”

ஒலிம்பிக்கில் ஜோடி ஸ்கேட்டிங்கை முதன்முதலாகப் பார்த்தபோது என் அம்மா கேட்டது இது. நியாயமான கேள்விதான். பனித்தளத்தில் ஓர் ஆணும் பெண்ணும் கைகோத்து வழுக்கிக்கொண்டு வருகிறார்கள். இசை மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது. திடீரென்று அவர் அந்தப் பெண்ணை இடுப்பில் பிடித்துக் காற்றில் வீசுகிறார். அந்தப் பெண் பம்பரமாக மூன்று சுற்றுச் சுற்றி, தள்ளிப் போய் ஒற்றைக் காலில் இறங்கி, ஒன்றுமே நடக்காததுபோலக் கைகளை விரித்தபடி பின்பக்கமாக வழுக்கிப் போகிறார். அம்மா கண்ணை மூடிக்கொண்டுவிட்டார்.

அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு நிறையப் பார்த்தும் படித்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. அதில் பாதி, ஒரே ஒருவருடைய வாழ்க்கையைப் பின்தொடர்ந்ததால் கிடைத்தது. அவர் அல்யோனா சவ்சென்கோ. உக்ரைனில் பிறந்து, பின்னாளில் ஜெர்மனிக்காக ஆடி, ஐந்து ஒலிம்பிக்குகளில் பங்கேற்று, 34 வயதில் தங்கம் வென்றவர். அவருடைய கதையைச் சொல்லிக்கொண்டே போனால் இந்த விளையாட்டின் முக்கியமான விஷயங்கள் எல்லாம் வழியிலேயே வந்துவிடும். அதனால் அப்படியே போகலாம்.

அதற்கு முன் கொஞ்சம் அடிப்படை. ஐஸ் தளம் 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஆண்கள் ஒற்றையர், பெண்கள் ஒற்றையர், ஜோடி, ஐஸ் டான்ஸ் என்று நான்கு பிரிவுகள். கடைசி இரண்டிலும் இருவர் சேர்ந்துதான் ஆடுகிறார்கள் என்பதால் புதிதாகப் பார்ப்பவர்கள் குழப்பிக்கொள்வது சகஜம். அடையாளம் காணச் சுலபமான வழி ஒன்று உண்டு: அந்தப் பெண் துணைவரின் தலைக்கு மேலே போனால் அது ஜோடிப் பிரிவு. ஐஸ் டான்ஸில் தலைக்கு மேல் தூக்கவும் கூடாது, வீசவும் கூடாது. அங்கே காலடிகளும் நடன நயமும்தான் கணக்கு.

ஒவ்வொரு ஜோடியும் இரண்டு முறை ஆட வேண்டும். முதலில் ‘ஷார்ட் புரோகிராம்’. சுமார் 2 நிமிடம் 40 வினாடி. இன்னின்ன வித்தைகளைச் செய்தே ஆக வேண்டும் என்று விதித்திருப்பார்கள். அடுத்தது ‘ஃப்ரீ ஸ்கேட்’. இப்போது 4 நிமிடம். 2018ஆம் ஆண்டுப் போட்டிகள் வரை நாலரை நிமிடமாக இருந்தது. இரண்டிலும் வாங்கிய புள்ளிகளைக் கூட்டினால் முடிவு தெரிந்துவிடும்.

அப்புறம் அந்தக் காலணி. அடியில் இருக்கும் பிளேடின் அகலம் நான்கைந்து மில்லிமீட்டர்தான். அதன் நடுவில் ஒரு நீளப் பள்ளம் ஓடும். பள்ளத்தின் இருபுறமும் கூரான விளிம்புகள். ஸ்கேட்டர்கள் பிளேடில் தட்டையாக நிற்பதே இல்லை. எப்போதும் உள்விளிம்பிலோ வெளிவிளிம்பிலோ சாய்ந்துதான் போவார்கள். பிளேடின் முன்முனையில் சின்னப் பற்கள் இருக்கும். அதற்கு டோ பிக் என்று பெயர். குத்தி எழும்புவதற்கும் ஊன்றி நிற்பதற்கும் அதுதான் உதவும்.

சரி, கதைக்கு வருவோம்.

சவ்சென்கோ 1984 ஜனவரி 19 அன்று, கீவ் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒபுகிவ் என்ற சிற்றூரில் பிறந்தார். அந்தப் பக்கத்து ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்துவிடும். மிகச் சின்ன வயதிலேயே அவருடைய ஸ்கேட்டிங் அங்கேதான் தொடங்கியது. 16 வயதில், ஸ்தானிஸ்லாவ் மோரோசோவ் என்பவருடன் சேர்ந்து 2000ஆம் ஆண்டின் உலக ஜூனியர் பட்டத்தை வென்றார். அந்தப் போட்டி நடந்தது ஜெர்மனியின் தென்கோடியில் மலைகளுக்கு நடுவே இருக்கும் ஓபர்ஸ்ட்டோர்ஃப் என்ற ஊரில். இந்த ஊர்ப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரும்.

2002இல் சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக். சவ்சென்கோவும் மோரோசோவும் 15ஆவது இடம் பிடித்தார்கள். அதே ஆண்டில் ஜோடி பிரிந்தது.

ஜோடி ஸ்கேட்டருக்குத் துணை போய்விட்டது என்றால் என்ன அர்த்தம் என்பதை இங்கே நின்று யோசித்துப் பார்க்க வேண்டும். கச்சேரிக்குப் பக்கவாத்தியக்காரர் வராவிட்டால் வேறொருவரை அழைத்துச் சமாளித்துவிடலாம். இருவருக்கும் தாளம் பொதுவானது. இங்கே அப்படி முடியாது. எந்த நொடியில் முழங்காலை மடக்குவது, இடுப்பில் எந்த இடத்தில் கை வைப்பது, மூச்சை எப்போது இழுப்பது என்று எல்லாமே இந்த இரண்டு உடம்புகளுக்கு மட்டும் பொருந்தும்படி வருடக்கணக்கில் பழகியவை. ஆள் மாறினால் அவ்வளவும் போய்விடும். தனியாகக் குதிக்கவும் சுழலவும் தெரிந்தது மட்டும்தான் கையில் மிஞ்சும்.

இதை விளங்கிக்கொள்ள ‘ட்விஸ்ட்’ என்ற ஒரே ஒரு வித்தையைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் போதும். இருவரும் ஒருவர் பின் ஒருவராகப் பின்னோக்கி வேகமாக வருகிறார்கள். அவர் இடுப்பைப் பிடித்திருக்கிறார். பெண் டோ பிக்கைக் குத்தி எழும்புகிறார். அதே கணத்தில் அவர் மேலே தள்ளிக் கையை விட்டுவிடுகிறார். பெண் அவருடைய தலைக்கு மேலே, யாருடைய பிடியிலும் இல்லாமல், மூன்று முறை சுற்றுகிறார். கீழே இருப்பவரின் கைகள் அதற்குள் பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு இறங்கி, மறுபடி மேலே ஏறி, வருபவரின் இடுப்பைப் பிடித்து மெதுவாக ஐஸில் இறக்க வேண்டும். இவ்வளவும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

பிடி சரியாக விழுந்ததா என்று கண்டுபிடிப்பது எளிது. நல்ல ட்விஸ்ட்டில் இருவருக்கும் நடுவே வெளிச்சம் தெரியும்: நீட்டிய கைகள் இடுப்பைப் பிடிக்கும், பிறகு கீழே இறக்கும். மோசமான ட்விஸ்ட்டில் பெண் துணைவரின் மார்பிலோ தோளிலோ வந்து மோதுவார். ஆடிக்கொண்டிருப்பதால் நமக்கு அது அணைப்பு போலத் தெரியும், நடுவர்களுக்கு அப்படித் தெரியாது. கைகளைத் தோள் உயரம்வரை இறக்கிவிட்டுப் பிறகு பிடித்தால் அந்தத் துணிச்சலுக்கே தனி மதிப்பு உண்டு. ஒருவர் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போது தன் கைகளைக் கீழே கொண்டுபோவதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும், நினைத்துப் பாருங்கள்.

இப்போது அம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்லலாம். அந்த வித்தைக்கு ‘த்ரோ ஜம்ப்’ என்று பெயர். ‘எறிவது’ என்பதே பாதிதான் உண்மை. அவரை யாரும் மூட்டைபோல எறிவதில்லை. அவரே குதிக்கிறார், துணைவர் அந்தக் குதிக்கு உயரத்தையும் தூரத்தையும் கூட்டிக்கொடுக்கிறார். காற்றில் சுற்றுவதும் இறங்குவதும் முழுக்க அந்தப் பெண்ணின் வேலை. தனியாகக் குதிப்பதைவிட அதிக உயரத்திலிருந்து வருவதால் இறங்கும் காலில் உடல் எடையைப்போலப் பல மடங்கு விசை இறங்கும். அதை அந்த மெல்லிய பிளேடின் வெளிவிளிம்பில் வாங்கி, முழங்காலை மடக்கிக் கரைத்து, பின்னோக்கி வழுக்கிப் போக வேண்டும். அடுத்த முறை பார்க்கும்போது காற்றில் சுற்றுவதைப் பார்க்காதீர்கள். இறங்கியபின் வரும் இரண்டு வினாடிகளைப் பாருங்கள். கால் நடுங்காமல், நீண்ட வளைவில் வழுக்கிப் போனால் அதுதான் தேர்ந்த த்ரோ.

‘லிஃப்ட்’ எல்லோருக்கும் பிடித்தது; விளக்கமும் அதிகம் தேவையில்லை. அவர் கையை முழுதாக நீட்டித் துணைவியைத் தலைக்கு மேல் ஏந்திக்கொண்டு, தானும் சுழன்றபடி தளத்தைக் கடந்து போவார். மூன்றரைச் சுற்றுக்கு மேல் சுற்ற அனுமதி இல்லை. எல்லோர் கண்ணும் மேலே இருப்பவரிடம் போகும். கீழே அவருடைய கால்களைப் பாருங்கள், வேகம் குறையாமல் போகிறதா என்று. மேலே இருப்பவருக்கும் சும்மா இருக்கும் வேலை இல்லை. உடம்பை இறுக்கி வைத்திருக்காவிட்டால் எடை இரட்டிப்பாகிவிடும். மயங்கி விழுந்த ஒருவரைத் தூக்க முயன்றவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

அப்புறம் ‘டெத் ஸ்பைரல்’, மரணச் சுழல். அவர் டோ பிக்கை ஐஸில் ஊன்றி அச்சாணிபோல நிற்கிறார். பெண் ஒரு கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரே பிளேடின் விளிம்பில், தலை ஐஸைத் தொட்டுவிடுமோ என்னும் அளவுக்குச் சாய்ந்து சுற்றி வருகிறார். கரணம் தப்பினால் மரணம் என்பார்களே, அதையே பெயராக வைத்துவிட்டார்கள். இதை முதலில் செய்தவர்கள் 1920களில் ஜெர்மானியரான ஷார்லட் ஓல்ஷ்லேகலும் அவருடைய கணவர் கர்ட் நோய்மனும். பிற்பாடு 1964, 1968 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்ற சோவியத் தம்பதி லுத்மிலா பெலௌசோவா, ஒலெக் ப்ரோதோபோபோவ் இருவரும் வேறு மூன்று வகைகளைக் கண்டுபிடித்தார்கள். அவற்றுக்கு அவர்கள் வைத்த பெயர்களில் மரணம் இல்லை. ஒன்றுக்கு வாழ்க்கை, ஒன்றுக்குக் காதல், இன்னொன்றுக்குப் பிரபஞ்சம். எனக்கு இந்தப் பெயர்கள்தான் பொருத்தமாகத் தோன்றுகின்றன. ஆனால் உலகம் பழைய பெயரையே பிடித்துக்கொண்டது.

பெயரில் மரணம் இருப்பதால் அதுதான் ஆபத்தானது என்று நினைத்துவிட வேண்டாம். பக்கத்தில் பக்கத்தில் நின்று இருவரும் ஒரே மாதிரி சுழலும் ஸ்பின், பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும். 1996 ஜனவரியில் பயிற்சியின்போது எலெனா பெரெஷ்னயாவின் தலையில் அவருடைய அப்போதைய துணைவரின் பிளேடு பட்டு மண்டையோட்டைத் துளைத்தது அப்படிப்பட்ட ஒரு ஸ்பின்னில்தான். அவர் பேசக்கூட மறுபடி பழக வேண்டியிருந்தது. இரண்டே ஆண்டில் அன்தோன் சிகருலிட்ஸேயுடன் ஒலிம்பிக் வெள்ளி வாங்கினார், 2002இல் தங்கம்.

அந்த 2002 தங்கம் ஒரு பெரிய சர்ச்சையும் ஆயிற்று. பிரெஞ்சு நடுவர் நெருக்கடிக்கு ஆளாகி வாக்களித்தார் என்ற விவகாரம் வெடித்து, இரண்டாம் இடத்திலிருந்த கனடாவின் ஜேமி சாலே, டேவிட் பெல்லெட்டியே ஜோடிக்கும் தங்கம் கொடுக்கப்பட்டது. 6.0 என்ற உச்ச மதிப்பெண்ணை வைத்து நடந்துவந்த பழைய முறை அதோடு மூட்டை கட்டப்பட்டது. அதே போட்டியில் 15ஆவதாக வந்த 18 வயதுப் பெண்ணின் பிற்கால வாழ்க்கையில் பெரும்பகுதி புதிய முறையின் கீழ்தான் ஓடியது.

புதிய முறை இப்படி: ஒவ்வொரு வித்தைக்கும் ஓர் அடிப்படை மதிப்பு. எவ்வளவு கடினமாகச் செய்தார்கள் என்பதைப் பொறுத்து அது ஏறும். எவ்வளவு அழகாகச் செய்தார்கள் என்பதற்கு ஒன்பது நடுவர்கள் கூட்டியோ குறைத்தோ போடுவார்கள். மிக உயர்ந்ததும் மிகத் தாழ்ந்ததும் கழிக்கப்பட்டுச் சராசரி எடுக்கப்படும். 2018 வரை கூட்டலும் கழித்தலும் மூன்றுவரை, இப்போது ஐந்துவரை. இதோடு ஆட்டத்தின் மொத்தத் தரத்துக்குத் தனிப் புள்ளிகள். விழுந்தால் தண்டமாக ஒரு புள்ளி தனியே போகும். முடிவு தசமத்தில் வருவதால் போட்டிகள் நூலிழையில் தீர்மானமாவது அடிக்கடி நடக்கும். சவ்சென்கோவுக்கு அந்த நூலிழை இரண்டு முறை கைகொடுத்தது.

துணை இல்லாமல் நின்ற அவர் 2003இல் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகருக்குப் போனார். அங்கே பயிற்சியாளர் இங்கோ ஷ்டாயர், துணைவர் ராபின் ஷோல்கோவி. ஷ்டாயர் 1997இல் மாண்டி வோட்செலுடன் உலகப் பட்டம் வென்றவர். ஷோல்கோவி கிழக்கு ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் பிறந்தவர். அம்மா ஜெர்மானியர், அப்பா தான்சானியாவைச் சேர்ந்தவர். சவ்சென்கோ எரிமலை மாதிரி, ஷோல்கோவி தணிந்த ஆள். அந்த வித்தியாசத்தை அவர்களுடைய ஆட்டத்திலேயே பார்க்கலாம்.

ஒலிம்பிக்கில் ஒரு ஜோடி ஆட வேண்டுமென்றால் இருவரும் அந்த நாட்டின் குடிமக்களாக இருக்க வேண்டும். உலகப் போட்டிகளில் அப்படி இல்லை, ஒருவர் குடிமகனாக இருந்தால் போதும். இந்த வேறுபாடு ஜோடி ஸ்கேட்டர்களின் வாழ்க்கையைப் புரட்டிப் போட்டுவிடும். சவ்சென்கோவுக்கு ஜெர்மன் குடியுரிமை கிடைத்தது 2005 டிசம்பர் கடைசியில். 2006 பிப்ரவரியில் டூரின் ஒலிம்பிக். அதே நேரத்தில் இன்னொரு இடி: ஷ்டாயர் கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸான ஷ்டாஸிக்குத் தகவல் கொடுத்தவர் என்பது வெளியே வந்தது. ஜெர்மன் ஒலிம்பிக் கமிட்டி அவரை அழைத்துச் செல்ல மறுக்க, அவர் நீதிமன்றம் போய் உத்தரவு வாங்கி டூரினுக்கு வந்தார். ஜோடி ஆறாவது இடம் பிடித்தது. பின்னர் அரசுப் பண உதவி சிக்கலானபோதும் இருவரும் பயிற்சியாளரை விட்டுப் போகவில்லை. அது சரியா தவறா என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் அவர்கள் அதற்கு விலை கொடுத்தார்கள்.

2008 கோத்தன்பர்க், 2009 லாஸ் ஏஞ்சலஸ், 2011 மாஸ்கோ, 2012 நீஸ் என்று உலகப் பட்டங்கள் வரிசையாக வந்தன. நீஸில் நடந்ததுதான் முதல் நூலிழை. ரஷ்யாவின் தத்யானா வோலோசோஷார், மக்சிம் த்ராங்கோவ் ஜோடி ஷார்ட் புரோகிராமில் எட்டாவது இடத்துக்குச் சரிந்துவிட்டு, ஃப்ரீ ஸ்கேட்டில் எல்லோரையும் முந்தியது. கூட்டிப் பார்த்தால் சவ்சென்கோ, ஷோல்கோவி ஜோடிக்கு 0.11 புள்ளி அதிகம்.

இந்த வோலோசோஷார் யார்? சவ்சென்கோவைப் பிரிந்த ஸ்தானிஸ்லாவ் மோரோசோவின் அடுத்த துணை. அவரும் உக்ரைன்காரர்தான். மோரோசோவும் அவரும் சில காலம் கெம்னிட்ஸில் ஷ்டாயரிடமே பயிற்சி எடுத்தார்கள், அதாவது சவ்சென்கோ இருந்த அதே தளத்தில். 2010இல் மோரோசோவ் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற, வோலோசோஷார் ரஷ்யாவுக்குப் போய் த்ராங்கோவுடன் சேர்ந்தார். மோரோசோவ் அவர்களுக்குப் பயிற்சியாளர்களில் ஒருவர் ஆனார். ஜோடி ஸ்கேட்டிங் உலகம் அவ்வளவு சின்னது. பழைய துணை அடுத்த போட்டியில் எதிரணியின் வேலியோரம் நிற்பார். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறை ஆவார்களே, அந்த மாதிரி.

ஆனால் ஒலிம்பிக் தங்கம் மட்டும் கைக்கு வரவில்லை. 2010 வான்கூவரில் வெண்கலம். தங்கம் சீனாவின் ஷென் ஷுவே, ஜாவோ ஹோங்போ ஜோடிக்குப் போனது. 1964 முதல் ஜோடிப் பிரிவில் சோவியத், ரஷ்ய ஜோடிகள் ஒரு முறைகூட விடாமல் தங்கம் வாங்கி வந்த வரிசை அங்கேதான் அறுந்தது. 2014 சோச்சியில் சவ்சென்கோவும் ஷோல்கோவியும் ஷார்ட் புரோகிராமுக்குப் பின் இரண்டாம் இடத்தில் இருந்தார்கள். ஃப்ரீ ஸ்கேட்டில் ஷோல்கோவி ஒரு தனிக் குதியில் விழுந்தார். ஆட்டத்தின் கடைசியில் த்ரோ டிரிபிள் ஆக்ஸல் பாக்கி இருந்தது. ஆக்ஸல் மட்டும்தான் முன்னோக்கி நின்று எழும்பும் குதி. இறங்குவது மற்ற எல்லாக் குதிகளையும்போலப் பின்னோக்கி. அதனால் ‘டிரிபிள்’ என்றாலும் மூன்றரைச் சுற்று. வெகு சில ஜோடிகளே அதைத் தொட்டிருக்கிறார்கள். நாலரை நிமிடம் ஆடிக் கால் தளர்ந்த நேரத்தில் அதை விட்டுவிட்டு எளிதான ஒன்றைச் செய்திருக்கலாம். அவர்கள் ஆக்ஸலையே செய்தார்கள், சவ்சென்கோ விழுந்தார். மறுபடி வெண்கலம்.

அடுத்த மாதமே ஜப்பானின் சைதாமாவில் ஐந்தாவது உலகப் பட்டம். அதோடு 34 வயது ஷோல்கோவி விடைபெற்றார். சவ்சென்கோவுக்கு அப்போது 30. இந்த விளையாட்டில் பெரும்பாலோர் கடையைக் கட்டும் வயது. பட்டங்கள் இருந்தன, பெயர் இருந்தது, முழங்காலும் கணுக்காலும் எத்தனையோ அடி வாங்கியிருந்தன. யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

துணை மாற்றிச் சாதித்தவர் அதற்கு முன் இல்லாமல் இல்லை. சோவியத்தின் இரினா ரோட்னினா 1972இல் அலெக்ஸெய் உலானோவுடன் ஒலிம்பிக் தங்கம் வாங்கிவிட்டு, பிறகு அலெக்சாண்டர் ஸைத்செவுடன் 1976, 1980 இரண்டிலும் வாங்கினார். மொத்தம் பத்து உலகப் பட்டம். 1973இல் பிராட்டிஸ்லாவாவில் ஸைத்செவுடன் ஆடும்போது பாதியில் இசை நின்றுவிட்டது. இருவரும் நிற்காமல் நிசப்தத்தில் ஆடி முடித்து வென்றார்கள். ஆனால் அப்போது ரோட்னினாவுக்கு 23 வயது. முப்பதில் மறுபடி முதல்படியிலிருந்து ஏறுவது வேறு கதை.

சவ்சென்கோ தேர்ந்தெடுத்தவர் புரூனோ மாஸோ. பிரான்ஸின் கான் நகரத்துக்காரர், அவரைவிட ஐந்து வயது இளையவர், ஆறடிக்கு மேல் உயரம். சவ்சென்கோ ஐந்தடியைக் கொஞ்சம் தாண்டியவர். பெரிய பட்டம் எதுவும் மாஸோவிடம் இல்லை. இருவரும் ஜெர்மனிக்காக ஆடுவது என்று முடிவாயிற்று. ஒரு நாட்டுக்காக ஆடியவர் இன்னொரு நாட்டுக்கு மாற வேண்டுமென்றால் பழைய நாட்டுச் சம்மேளனம் எழுத்தில் விடுவிக்க வேண்டும். பிரெஞ்சுச் சம்மேளனத்தின் அந்தக் கடிதம் வர ஓராண்டுக்கு மேல் ஆனது, பணமும் கட்ட வேண்டியிருந்தது. 2014 வசந்தத்திலிருந்து 2015 இலையுதிர் காலம்வரை இருவரும் எந்தச் சர்வதேசப் போட்டியிலும் ஆட முடியவில்லை. போட்டியே இல்லாமல், தேதி தெரியாமல், காலையில் எழுந்து பயிற்சிக்குப் போவது. எனக்கு அவருடைய பதக்கங்களைவிட இந்த ஒன்றரை ஆண்டுதான் பெரிதாகத் தெரிகிறது.

அந்தப் பயிற்சி நடந்த ஊர் ஓபர்ஸ்ட்டோர்ஃப். பதினாறு வயதில் ஜூனியர் பட்டம் வென்ற அதே ஊர். பயிற்சியாளர் அலெக்சாண்டர் கோனிக். மாஸோவின் உயரத்துக்கும் கையின் நீளத்துக்கும் ஏற்ப ட்விஸ்ட்டிலிருந்து டெத் ஸ்பைரல்வரை எல்லாவற்றையும் புதிதாக அமைத்தார்கள். உயரமான துணை கிடைத்தால் த்ரோவில் இன்னும் மேலே போகலாம். மேலே போனால் இறங்கும்போது அடியும் அதிகம். 2016 நவம்பரில் பாரிஸ் போட்டியில் த்ரோ டிரிபிள் ஆக்ஸலில் இறங்கும்போது சவ்சென்கோவின் கணுக்கால் தசைநார் காயப்பட்டது. அதோடு ஆடி அந்தப் போட்டியை வென்றார், பிறகு பல வாரங்கள் ஓய்வு. உலகப் போட்டிகளில் 2016இல் வெண்கலம், 2017இல் வெள்ளி. மாஸோவுக்கு ஜெர்மன் மொழித் தேர்வு வேறு. ஒன்றுக்கு மேற்பட்ட முறை எழுதித்தான் தேறினார். 2017 நவம்பரில் குடியுரிமை வந்தது. ஒலிம்பிக்குக்கு மூன்று மாதம்கூட முழுதாக இல்லை.

2018 பிப்ரவரி, தென்கொரியாவின் கங்னுங். ஷார்ட் புரோகிராமில் மாஸோ மூன்று சுற்றுச் சால்கவ் குதியை இரண்டாகச் செய்துவிட்டார். 76.59 புள்ளி, நான்காம் இடம். முதலிடத்தில் சீனாவின் சுய் வென்ஜிங், ஹான் சோங், 82.39. கிட்டத்தட்ட ஆறு புள்ளி பின்னால். இரண்டாம் இடத்தில் ரஷ்யாவின் எவ்கேனியா தராசோவா, விளதீமிர் மோரோசோவ் (பழைய மோரோசோவ் அல்ல, வேறு ஆள்). அந்த ஜோடியின் பயிற்சிக் குழுவில் இருந்தவர் ராபின் ஷோல்கோவி.

மறுநாள், பிப்ரவரி 15, ஃப்ரீ ஸ்கேட். நடன அமைப்பு கிறிஸ்டோஃபர் டீன். 1984 சரயேவோவில் ஜேன் டார்வில்லுடன் ஐஸ் டான்ஸ் தங்கம் வென்ற அதே டீன். அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதுவது கஷ்டம். ட்விஸ்ட்டில் சவ்சென்கோ போன உயரத்தைப் பார்த்துவிட்டு நான் காணொளியை நிறுத்தி, பின்னே இழுத்து, மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். மாஸோவின் கைகள் பக்கவாட்டில் விரிந்து, காத்திருந்து, எழுந்து பிடிக்கின்றன. அந்தக் காத்திருப்பு கண்ணுக்குத் தெரிகிறது. த்ரோவில் இறங்கியபின் அந்த இரண்டு வினாடி வழுக்கல், ஒரு சிறு நடுக்கம்கூட இல்லாமல். தூக்குவதும் எறிவதும் பிடிப்பதும் தனித்தனி வித்தையாகத் தெரியாமல் ஒரே மூச்சாக ஓடுகிறது. 159.31. ஃப்ரீ ஸ்கேட்டில் அதுவரை யாரும் எடுக்காத புள்ளி. மொத்தம் 235.90.

பிறகு மற்ற ஜோடிகள் ஆடி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சுய், ஹான் ஜோடியின் மொத்தம் 235.47. வித்தியாசம் 0.43. நீஸுக்குப் பிறகு இரண்டாவது நூலிழை. ஜோடிப் பிரிவில் ஜெர்மனிக்கு 1952இல் ரியா, பால் ஃபால்க் தம்பதி வாங்கியதற்குப் பிறகு கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது.

அம்மாவுக்கும் அந்தக் காணொளியைப் போட்டுக் காட்டினேன். த்ரோ வந்தபோது இந்த முறை கண்ணை மூடவில்லை. “அவளேதான் குதிக்கிறா இல்ல?” என்றார்.

ஆமாம்மா.

அடுத்த மாதம் மிலானில் உலகப் போட்டி. ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர்கள் பலர் அதற்குப் போவதில்லை. இவர்கள் போனார்கள். 245.84 புள்ளி, புதிய உலகச் சாதனை. சவ்சென்கோவுக்கு அது ஆறாவது உலகப் பட்டம், 11ஆவது உலகப் பதக்கம். அந்த ஜோடி அதற்குப் பின் போட்டியில் இறங்கவில்லை.